கட்டிலுக்குக் கீழே நாலு மூட்டை

பாளையம்பட்டிக் கடையில் இரண்டு டசின் நெருப்புப்பெட்டி கேட்டேன். கடைக்காரர் தன் காதையே நம்பாதவர்போல என்னைப் பார்த்தார். "தீப்பெட்டியாக்கா? ரெண்டு டசினா? எதுக்கு, திருவிழாவா?" என்றார். வீட்டுக்கு என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தச் சுத்துவட்டாரம் பூரா தீப்பெட்டிதேன் ஒட்டிக்கிட்டு இருக்கு. உலகத்துல எது தீந்தாலும் இங்கன தீப்பெட்டி தீராதுக்கா." பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு டசினையும் வாங்கிப் பையில் போட்டேன்.

நான் இலங்கையில், வன்னிப் பக்கத்துக் கிளிநொச்சியில் பிறந்தவள். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு நெருப்புக்குச்சியை பிளேடால் இரண்டாகப் பிளந்துதான் கொளுத்துவோம். சவர்க்காரம் கிடைக்காது, பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்ப்போம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படிப்போம். இப்போது சொன்னால் இதெல்லாம் கெட்டித்தனம்போலத் தெரிகிறது. கெட்டித்தனத்தால் ஆகாத ஒன்றும் இருந்தது. என் தங்கச்சி வதனிக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. பால்மா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் மூன்று நாள் நின்றார். மூன்று நாளும் வெறும் தகரத்தோடு திரும்பினார். வதனி கஞ்சித்தண்ணியை வாயில் வைத்துவைத்துத் துப்பினாள். பிறகு துப்புவதற்கும் பலமில்லாமல் கிடந்தாள். மாரி தொடங்குவதற்குள் போய்விட்டாள்.

கடல் தாண்டி இங்கே வந்து, அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து முகாமில் குடியேறிப் பதினைந்து வருடம் இருக்கும். என் கணவர் சிவநேசன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். மகள் துளசி இங்கேதான் பிறந்தாள், எட்டாம் வகுப்பு. இந்த வருடம் எங்கேயோ சண்டை, கப்பல் வராது, கேஸ் கிடைக்காது என்று எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். எண்ணெய் விலை ஏறியது. வீடு கட்டுகிறவர்கள் வேலையைப் பாதியில் நிறுத்த, சிவநேசனுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை என்றாயிற்று. இந்த ஊர்க்காரர்கள் பந்தல்குடிப் பக்கம் தூத்துக்குடி ரோட்டில் லோடு லாரிகள் போவதைப் பார்க்கிறார்கள். பார்த்துத் தைரியமாக இருக்கிறார்கள். நானும் அதே லாரிகளைத்தான் பார்க்கிறேன். எனக்கு அவை நின்றுபோகிற நாள்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நாடுவிட்டு வந்தவர்கள் இதை வாசித்தால், எதைச் சொல்கிறேன் என்று விளங்கும்.

முதலில் ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். பிறகு பருப்பு, சீனி, உப்பு, காய்ச்சல் மாத்திரை. அரிசி நாலு மூட்டையானது. அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, சேலையால் மறைத்தேன். வாங்கியதைத் தொடக்கூடாது என்பது என் சட்டம். மேலும் வாங்கக் காசு வேண்டுமென்று பாலை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். இரவுச் சோறு அரைவயிறானது. காலைச் சாப்பாடு உப்புப் போட்ட கஞ்சியானது. சிவநேசன் ஒருநாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "என்னப்பா செய்யிறீர்? பிள்ளை மெலிஞ்சு போறாள், உமக்குத் தெரியேல்லையே?"

"நாளைக்கு ஒண்டும் கிடைக்காட்டி என்ன செய்வியள்?" என்றேன்.

"நாளைக்கு எண்டு சொல்லி இண்டைக்கே சாகடிக்கப் போறீரோ?"

அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயர் நேரத்தில், வெயிலில் நின்ற துளசி மயங்கி விழுந்தாள். நான் ஓடிப்போனபோது டீச்சர் அவளை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தார். என்னைத் தனியே அழைத்து, மெதுவாகக் கேட்டார். "வீட்டுல அரிசி இருக்காம்மா?" அந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

செய்தி பரவிவிட்டது. பின்னேரம் பாண்டியம்மாள் அக்கா வந்தார். திருச்சுழி ரோட்டில் மானாவாரிக் காடு வைத்திருக்கிறவர். இரண்டு எருமைகள் உண்டு. முகாமுக்குப் பால் ஊற்றுகிறவர். ஒரு தூக்குவாளி நிறையப் பாலும் ஒரு பை அரிசியும் கொண்டுவந்திருந்தார். "ஏத்தா, வீட்டுல இல்லேன்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்க என்ன செத்தா போனோம்?" என்று திட்டியபடியே பையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கக் குனிந்தார். மறைப்புக்குத் தொங்கவிட்ட சேலை விலகியது. குனிந்தவர் நிமிரவில்லை.

"இது யாருதுத்தா?"

"எங்கட" என்றேன்.

"எங்க கடையா? நீ எப்பக் கட வச்ச?"

"கடை இல்லையக்கா. எங்களுடைய அரிசி."

அவர் நிமிர்ந்து, பாயில் படுத்திருந்த துளசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இம்புட்டையும் வச்சுக்கிட்டா இந்தப் புள்ளய விழ விட்ட?"

அப்போதுதான் வதனியைப் பற்றிச் சொன்னேன். இந்த நாட்டில் யாரிடமும் சொன்னதில்லை, துளசியிடமும் சொன்னதில்லை. அழாமல் சொல்லி முடித்தேன். பாண்டியம்மாள் அக்கா கட்டிலுக்குக் கீழே மறுபடி குனிந்தார். கடைசி மூட்டையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, வாயைப் பிரித்துக் கையை விட்டார். கை நிறைய மாவும் வண்டும் வந்தன. அரிசி உள்ளுக்குள் சூடாக இருந்தது. என் பிள்ளையிடமிருந்து பிடுங்கி நான் பூச்சிக்குத் தீனி போட்டிருக்கிறேன்.

"சொளகு இருக்கா?" என்றார் அவர்.

நாங்கள் சுளகு என்போம், அவர்கள் சொளகு என்பார்கள். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து, அந்த மூட்டையையும் அதேபோல வண்டு விழுந்திருந்த இன்னொரு மூட்டையையும் இருட்டுவதற்குள் புடைத்து முடித்தோம். பாதிக்குமேல் அவருடைய கோழிகளுக்குத்தான் போனது. உலையை அவரே வைத்தார். நான் அளந்து எடுத்த அரிசியைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார். அன்று துளசி வயிறாரச் சாப்பிட்டாள். ஆனால் மறுசோறு கேட்பதற்கு முன் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அப்படியும் மிச்ச இரண்டு மூட்டையைச் சமையலுக்கு எடுக்க என்னால் முடியவில்லை. அவை இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கின்றன. வாரம் ஒருமுறை வெயிலில் காயவைத்து, மறுபடி தள்ளி வைக்கிறேன்.

அடுத்த வாரம் துளசியை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரத்தம் குறைவு என்றார்கள்; இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்கள். சீட்டுப் பதிகிற நர்ஸ் நிமிராமலே கேட்டார். "சொந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை" என்றாள் துளசி. அதே நேரத்தில் நான், "கிளிநொச்சி" என்றேன்.

நர்ஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. துளசி என் கையை விட்டுவிட்டு, எந்த ஊரின் பெயர் விழப்போகிறதென்று மேசைமேல் எட்டிப் பார்த்தாள்.