பட்டை கழற்றிய காலை

நாயைக் குளிப்பாட்டுவதில் எனக்கு இருந்த மண்டைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அப்போது வாத்தியாராக இருந்தேன். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் தங்கள் நாய்களை உச்சி வெயிலில் ஓடைக்குள் தள்ளிவிடுவார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானோ காலை வேளையில், வாளித் தண்ணீரின் சில்லிப்பு விட்ட பிறகுதான் ஊற்றுவேன். முதலில் கால், பிறகு முதுகு. காதில் பஞ்சு. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுவேன், அந்தப் புழுக்கத்தில் ஈரத் தோல் கழுத்தைப் புண்ணாக்கிவிடும்.

அந்த மாதம் பால்வெட்டுகிற பெண் ஒருத்தி வெறிநாய் கடித்துச் செத்துப்போனாள். தண்ணீரைக் கண்டாலே அலறினாள், பாவம். பட்டையில்லாத நாயை எங்கே கண்டாலும் சுடச் சொல்லித் தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். எங்கள் நாய்க்கு ஆபீசில் கொடுத்த பித்தளை வில்லை கோத்த பட்டை இருந்தது. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. என் மனைவி தன் தட்டிலிருந்தே அதற்கு ஊட்டுவாள்.

சுடுவதற்கு ஆள் வந்த அன்று காலையில் நான் வாளியை எடுத்தேன்.

"இன்னிக்கு வேணாங்க. துப்பாக்கிக்காரன் மேல் லயத்துல நிக்கிறானாம்," என்றாள் மனைவி.

"கையில புடிச்சிக்கிட்டுத்தானே குளிப்பாட்டுறேன்? ஓடிடவா போகுது?"

"பட்டையாவது இருக்கட்டுங்க."

"புண்ணு வந்தா நீ பாப்பியா?" என்று எரிந்து விழுந்தேன்.

குளித்த நாய் என்ன செய்யும் என்று யாருக்குத்தான் தெரியாது? உடம்பை ஒரு உதறு உதறியது. கண்ணில் சவர்க்காரத் தண்ணீர் தெறிக்க, பிடியை விட்டுவிட்டேன். அது சந்தோஷம் தாங்காமல் முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்தது. பட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி வழியில் வெடிச்சத்தம் கேட்டது.

சுட்டவன் வெளியூர்ச் சிங்களவன். எங்கள் நாயை அறியாதவன். என் கையைப் பார்த்துப் பதறிப்போனான்.

"அனே மாத்தயா! நாய்க்குப் பட்டையப் போடாம கையில வச்சிக்கிட்டு நிக்கிறீங்களே?"

திட்ட வாயெடுத்தேன். அவன்மேல் என்ன தப்பு? கொன்றது என் வீம்பு.

நனைந்த உடம்பைத் தூக்கிவந்து முற்றத்தில் கிடத்தினேன். மனைவி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் துவட்டத் தொடங்கினாள். முகம், வயிறு, கால்விரல் இடுக்கு என்று ஒன்றுவிடாமல் துடைத்தாள். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்து அதன் தலையில் கை வைத்தேன்.

"விட்டுடு. செத்துப்போச்சு," என்றேன்.

"தெரியும். நீங்க தொடாதீங்க," என்றாள்.