நிலாவில் படுத்த வண்டி

அந்த ஞாயிறு மதியம் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. எங்கள் மகள். என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி. எங்கள் பங்கு ஃபாதர்.

ஃபாதர் சாப்பிட வந்தவர். மற்றவர்கள் நிலாவுக்காக உட்கார்ந்திருந்தோம். உள்ளதைச் சொன்னால் மச்சானும் சாப்பிடத்தான் வந்தான்.

நான் கிரேன் ஓட்டுகிறேன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் தூக்கி நிறுத்துகிற கிரேன். மச்சான் கீழே நின்று பெல்ட் மாட்டுவான். லாரி கவிழ்ந்தது என்று நாங்கள் சொல்வதில்லை. படுத்துடுச்சு என்போம். போன் வந்தால் முதலில் ஆள் எப்படி என்று கேட்போம். அடுத்து எந்த இடம். அதற்கடுத்து டிரைவர் பக்கமா, கிளீனர் பக்கமா. அது தெரிந்தால்தான் கிரேனை எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

மகள் டிப்ளமோ படித்தவள். ஓசூரில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. பொருள் செய்வது அவள் வேலை இல்லை. செய்ததை அளந்து பார்த்து, சரி, அனுப்பு என்று சொல்வது அவள் வேலை.

வெளிநாட்டில் ஒரு தனியார் கம்பெனி நிலாவுக்கு வண்டி அனுப்பியது. கவர்மெண்ட் இல்லை. நம் ஊர் லாரி ஆபீஸ் மாதிரிதான். வாடகை கொடுத்தால் யார் சாமானையும் ஏற்றிப் போய் நிலாவில் இறக்குவார்கள். வண்டியில் ஆள் கிடையாது. அந்த வண்டிக்கு நாலு கால். நாலும் மகளுடைய பட்டறையில் செய்தவை. நாலையும் சரி என்று சொன்னது மகள்.

பட்டறை ஓனர் முன்னாலேயே சொல்லிவிட்டார். கால் நின்றால் அடுத்த ஆர்டர். கால் உடைந்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஒடைஞ்சா, யாரு சரின்னு சொன்னதுன்னு கேப்பாங்கப்பா" என்றாள். அப்புறம் அவளை எவன் வேலைக்கு எடுப்பான். அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிற ஆள் வீட்டுக்காரி ஒருத்திதான்.

அவள் சும்மா இருக்கவில்லை. காலையில் கோயிலில் பூசைக்கு முன்னால் ஃபாதரைப் பிடித்துவிட்டாள்.

"ஃபாதர், இன்னிக்கி மன்றாட்டுல நிலாவுல எறங்கற வண்டிக்கும் சேத்து வேண்டிக்கோங்க."

"உள்ள யாரு போறாங்கம்மா?"

"யாரும் போவலீங்க. எம்பொண்ணோட காலு போவுது."

ஃபாதர் மகளின் காலைப் பார்த்தார். ரெண்டும் இருந்தன. வீட்டுக்காரி விளக்கிச் சொன்னாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். ஆள் இல்லாத வண்டிக்கு மன்றாட்டு எழுதின புத்தகம் அவரிடம் இல்லை போல. கடைசியில் "பயணம் செய்வோருக்காக" என்று வாசித்தார். எல்லாரும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். பெங்களூர் பஸ் ஏறப்போகிற பையன்கள் தங்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்து ஃபாதர் எங்களோடு வந்தார். கோழிக் குழம்பு, களி, சோறு. மகள் சாப்பிடவில்லை. தட்டில் களியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

டிவியை மகள் போனோடு சேர்த்துவிட்டாள். டிவியில் நிலாவைக் காட்டவில்லை. ஒரு ஹாலில் ஒரே மாதிரி பனியன் போட்ட வெள்ளைக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் காட்டினார்கள்.

"அவங்க பாக்கறத நாம பாக்கறோம்" என்றான் மச்சான்.

"இவ்ளோ தூரம் போயிடுச்சு. எறங்கறதுல என்ன இருக்கு?" என்று ஃபாதர் கேட்டார்.

"ஏறும்போது முடியலன்னா வண்டி நின்னுக்கும் ஃபாதர். எறங்கும்போது நிக்காது" என்றேன்.

மகள் தலையை ஆட்டினாள். நிலாவில் காற்று இல்லை, அதனால் பாராசூட் விரியாது, இன்ஜினைக் கீழே பார்த்து ஊதவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்கணும் என்றாள்.

மச்சான் சாப்பிடுவதை நிறுத்தினான். "காத்து இல்லாம ஏர் பிரேக் எப்டி புடிக்கும் பாப்பா?"

"ஏர் பிரேக் இல்ல மாமா."

"அப்ப ஹேண்ட் பிரேக்கா?"

"மாமா, சாப்புடுங்க."

காலுக்குள் அலுமினியத்தில் தேன்கூடு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். தரையில் இடிக்கும்போது அது நசுங்கணும். நசுங்கினால்தான் மேலே இருக்கிற சாமானுக்கு அடி படாது. இதை மகள் ஃபாதருக்குச் சொன்னாள்.

"நசுங்கறதுக்குன்னே ஒண்ணைச் செய்வாங்களா?"

"சரியா நசுங்கணும் ஃபாதர். கம்மியாவும் கூடாது, ஜாஸ்தியாவும் கூடாது. அதத்தான் நான் பாத்தேன்."

அப்போது என் போன் அடித்தது. கணவாயில் தக்காளி லாரி படுத்துடுச்சு. ஆளுக்கு ஒன்றும் இல்லை. கிளீனர் பக்கம்.

மச்சான் டிவியைப் பார்த்தான். பிறகு குழம்பைப் பார்த்தான். "அங்க எறங்கறதுக்குள்ள இங்க படுத்துட்டானே" என்று சொல்லிக் கை கழுவினான். நான் மகளைப் பார்த்தேன். "போய்ட்டு வாங்கப்பா. நீங்க இருந்தாலும் அது எறங்கறதுதான் எறங்கும்" என்றாள். கிளம்பிவிட்டோம்.

லாரி வளைவில் படுத்திருந்தது. பாலக்கோடு தக்காளி. ரோடு பூராவும் சிவப்பு. டிரைவர் சின்ன வயசு. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து யாரிடமோ போனில், அண்ணா நியூட்ரல்ல வரலண்ணா, கியர்லதான் வந்தேண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவார்கள், அப்புறம் வண்டி கைக்கு அடங்காது. பைக்கில் வந்தவர்கள் நல்ல தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஒருத்தர் மட்டும் டிரைவரிடம் எடுத்துக்கட்டுங்களா என்று கேட்டார். அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

மச்சான் பெல்ட் மாட்டினான். நான் கிரேனின் நீட்டுக் கையை, அதாவது பூமைத் தூக்கினேன். வண்டி கொஞ்சம் எழும்பும்போது போன் அடித்தது. வீட்டுக்காரி.

"எறங்கிடுச்சுங்க! எல்லாம் கை தட்றாங்க. ஃபாதரும் தட்றாரு."

சரி என்று வைத்துவிட்டேன். பாதி தூக்கின வண்டியை விட்டுவிட்டு சந்தோஷப்பட முடியாது. மச்சானிடம் இறங்கிடுச்சாம் என்று கத்தினேன். "எத எறக்கணும்? இப்பத்தான தூக்கறோம்?" என்று அவன் கத்தினான்.

லாரியைத் தூக்கி நிறுத்தினோம். முன் ஆக்சில் முறிந்திருந்தது. ஓரமாக இழுத்துவிட்டுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மறுபடியும் வீட்டுக்காரி.

"ஏங்க, வண்டி படுத்துடுச்சாம்."

"எங்க?"

"நிலாவுலங்க."

"ஆளு எப்டி?" என்று கேட்டுவிட்டேன். வாய்ப் பழக்கம்.

"ஆளு ஏதுங்க அதுல? இவதான் இன்னும் அந்தத் தட்டோடயே ஒக்காந்திருக்கறா."

போனை மகளிடம் கொடுத்தாள். மகள் மெதுவாகச் சொன்னாள். தரையைத் தொட்டது. சிக்னலும் வந்தது. அப்புறம் பார்த்தால் வண்டி பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. ஹாலில் கை தட்டினவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"எந்தப் பக்கமா இருந்தா என்னப்பா? கால்தான் போயிருக்குமா?"

என் முன்னால் ஆக்சில் முறிந்த அந்த லாரி நின்றது. படுத்த வண்டியில் பெரும்பாலும் அதுதான் போயிருக்கும். "ஆமா பாப்பா. ஆக்சில் போயிருக்கும்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது மகள் ஓசூர் பஸ் ஏறியிருந்தாள். ஃபாதரும் போயிருந்தார். வீட்டுக்காரி என்னிடம், "கேட்டா கேட்டதுக்குப் பதில் சொல்லிடுவீங்களா? புள்ள மூஞ்சி செத்துப்போச்சு" என்றாள்.

"கேட்டா. சொன்னேன்."

"தெரியலம்மான்னு சொன்னா வாயிலருந்து முத்து கொட்டிடுமா?"

மச்சான் மீதி கோழியைச் சாப்பிட்டான். பையில் கொஞ்சம் தக்காளி கொண்டு வந்திருந்தான். டிரைவரே கொடுத்தது என்றான்.

அந்த வாரம் மகள் அம்மாவிடம் மட்டும் பேசினாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்வேன். பட்டறையில் புது வேலை எதுவும் ஓட்டவில்லை. ஓனர் தினமும் வந்து லேத்தைத் துடைத்துவிட்டுப் போகிறார். மகளோடு வேலை செய்கிற ஒரு பெண் வேறு இடத்தில் கேட்டு வைத்துவிட்டாள். நீயும் கேட்டு வையேன் என்று வீட்டுக்காரி சொன்னாள். "என்னன்னு கேக்கறது? நான் சரின்னு சொன்ன காலு ஒடைஞ்சு போச்சு, வேல குடுங்கன்னா?" என்று மகள் கேட்டது எனக்கும் கேட்டது.

பிறகு ஒரு படம் வந்தது. வண்டியே எடுத்த படம். மகள் அம்மா போனுக்கு அனுப்பியிருந்தாள். சாம்பல் மாதிரி தரை. கறுத்த வானம். அதில் ரெண்டு கால் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. நன்றாக இருந்தன. வளையக்கூட இல்லை.

"பாருங்க, நல்லாத்தான இருக்குது" என்றாள் வீட்டுக்காரி.

"மத்த ரெண்டு?"

"அடியில இருக்குதாம்."

படுத்த வண்டியில் மேலே தெரிகிற டயர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அடிபட்டது அடியில் இருக்கும். இந்தத் தடவை நான் அதைச் சொல்லவில்லை. நல்லாருக்குது என்று சொல்லச் சொன்னேன். வீட்டுக்காரி அப்படியே அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் ஃபாதரே வந்து கேட்டார்.

"ஏம்மா, இன்னிக்கி என்னன்னு வாசிக்கட்டும்? நன்றியா?"

"எறங்குனதுக்கு நன்றி சொல்லலாங்க ஃபாதர். ஆனா படுத்துக்கிச்சே."

ஃபாதர் புத்தகத்தைப் புரட்டினார். அன்று "படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக" என்று வாசித்தார். இது பொருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரி கண்ணை மூடி, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

நிலாவில் இருந்த வண்டி கொஞ்ச நாள் படுத்தபடியே பேசியது. அதன் சோலார் தகட்டின் மேல் வெயில் சரியாக விழவில்லை. சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது. அங்கே கிரேன் கிடையாது. மச்சான் அதைச் சொல்லி வருத்தப்பட்டான். "ஒரு பெல்ட் மாட்டி இழுத்தா எந்திரிச்சுக்கும் மாமா. அங்க வெயிட்டும் கம்மியாமே."

அப்புறம் ஒரு நாள் மகள் என் போனுக்கே அடித்தாள். நான் கிரேனுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஆக்சில் போகல."

கிரீஸ் டப்பாவைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள். வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் மீட்டிங் போட்டார்கள். ஓனரையும் மகளையும் உட்கார வைத்துப் பேசினார்கள். ஒவ்வொரு காலுக்கும் எவ்வளவு அடி விழுந்தது என்ற கணக்கை வண்டி சாவதற்கு முன்னால் அனுப்பிவிட்டது. நாலும் நசுங்க வேண்டிய அளவுக்குத்தான் நசுங்கியிருக்கின்றன. அடியில் இருந்த ரெண்டும்கூட. உயரம் பார்க்கிற கருவிதான் தப்பாகச் சொல்லியிருக்கிறது. இன்னும் உயரம் இருக்கிறது என்று நினைத்து வண்டி பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கினால் எந்தக் காலும் நிறுத்தாது.

"நியூட்ரல்ல வந்துருக்கறான்" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த ஞாயிறுக்கு அப்புறம் என்னிடம் சிரித்தது அப்போதுதான்.

"உன் பேரச் சொன்னாங்களா?"

"அளவு பாத்தது யாருன்னு கேட்டாங்க. ஓனரு என்னக் காட்டுனாரு. தேங்க்ஸ்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. மைக் ஆஃப்ல இருந்துச்சு."

சரி என்றேன். அவள் போனை வைக்கப் போனாள்.

"அப்ப ஷட்டரு?" என்றேன்.

"தொறந்துதான் இருக்குது. அடுத்த வண்டிக்கும் எங்களையே செய்யச் சொல்லிட்டாங்கப்பா. இன்னிக்கித்தான் ஆர்டர் வந்துச்சு. இந்தத் தடவ வண்டி சாயக் கூடாதுன்னு டிசைன மாத்திட்டாங்க."

எத்தனை கால் என்று கேட்டேன்.

ஆறு.