வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றவள்

ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த பெயர் 'மூச்சுப்பிடி'. எக்ஸ்ரே எடுப்பவர். முப்பத்திரண்டு வருடம் ஒரே அறை, ஒரே வசனம்: "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... அசையக் கூடாது... ம், விடலாம்." ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பு அவருக்கு அத்துபடி. முகம்தான் தெரியாது. கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார். இடது தோள்பட்டையில் பழைய முறிவு என்று சொன்னால் உடனே, "அட, நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

இந்த மனிதர் வீட்டிலும் கேமராவும் கையுமாகத் திரிந்ததுதான் கொடுமை. கல்யாணமான புதிதில் வாங்கியது ஒன்று, அப்புறம் போன், அப்புறம் அதைவிடப் பெரிய போன். எதில் எடுத்தாலும் முறை மாறவில்லை. வரிசையாக நிற்க வைப்பார், தாடையைத் தூக்கச் சொல்வார், மூச்சைப் பிடிக்கச் சொல்வார், அதற்குப் பிறகுதான் பொத்தானைத் தேடுவார். அதனால் அந்தக் குடும்பத்தின் முப்பது வருட ஆல்பத்தில் எல்லோரும் நெஞ்சை விடைத்துக்கொண்டு, கண் பிதுங்க, யாரோ கெட்ட செய்தி சொன்ன நொடியில் உறைந்தவர்களைப் போல நிற்கிறார்கள்.

அவர் மனைவி போய் ஐந்து மாதம் ஆகிறது. அவளுடைய கடைசி எக்ஸ்ரேயையும் அவரே எடுத்தார். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அதில் இருப்பதை அவர் பார்த்துவிட்டார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை; நாமும் விட்டுவிடுவோம். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வும் வந்தது. ஆக, வீட்டில் ஒரு மனிதர், நாலு சுவர், மகள் விட்டுப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர்.

மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். ஒருநாள் போனில் சொன்னாள்: "அடுத்த மாசம் அம்மா பிறந்தநாளுக்கு வர்றேன்ப்பா. ஹால்ல பெருசா ஒரு படம் மாட்டணும். நல்லதா ஒண்ணு எடுத்து வைங்க."

மூன்று நாள் தேடினார். கிடைத்ததையெல்லாம் அனுப்பினார்.

"என்னப்பா இது, எல்லாத்துலயும் அம்மா தண்ணிக்குள்ள குதிக்கப் போற மாதிரியே நிக்கிறாங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யென்று சொல்ல முடியவில்லை.

கடைசியில் மகளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். குடும்பக் குழுவில் எப்போதோ வந்து, யாரும் கவனிக்காமல் போன படம். ஹால் ஜன்னலுக்கு முன்னால் அவர் மனைவி நிற்கிறாள். ஒரு கை இடுப்பில், தலை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே நடுப்பகல் வெயில். அவளோ அடுப்புக்கரி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும். ஆனால் கன்னத்தின் விளிம்பு லேசாக மேலே ஏறியிருந்தது.

"சிரிக்கிறாங்கப்பா! கன்னத்தப் பாருங்க. மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிற ஒரே படம். இதையே எப்படியாவது சரி பண்ணுங்க."

மனைவியின் அண்ணனுக்கு இது எட்டியது. அவர் தண்ணீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கண்காணித்தது போதாமல் இப்போது சொந்தக்காரர்களைக் கண்காணிக்கிறார். நேரில் வந்து உட்கார்ந்தார்.

"ஸ்டுடியோல குடுங்க மாப்ள. அரை மணி நேர வேலை."

"முப்பத்திரண்டு வருஷம் கறுப்பு வெள்ளையிலயே குடித்தனம் நடத்தினவன் மச்சான் நான். எனக்கு ஸ்டுடியோக்காரன் வெளிச்சம் சொல்லித் தரணுமா?"

"அதெல்லாம் சரி. மவுஸ எந்தக் கையில பிடிப்பீங்க?"

அவர் தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

மச்சான் எழுந்தபோது ஒரு குண்டைப் போட்டார். "எதுக்கும் இருக்கட்டும், தங்கச்சியோட அடையாள அட்டைப் படத்தப் பெருசு பண்ணி, கண்ணாடி போட்டு நான் கொண்டு வர்றேன். உங்களால முடியலன்னா அத மாட்டிடலாம்."

அந்த அடையாள அட்டைப் படம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். செய்யாத குற்றத்துக்குக் கைதாகி, ஜாமீனும் கிடைக்காதவளைப் போல இருப்பாள். அவளே அந்த அட்டையைக் கவிழ்த்துத்தான் வைப்பாள். இனி அது ஹால் நடுவில், இரண்டடி உயரத்தில், அவர் சாப்பிடும்போதெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு இருக்கும். அன்று சாயங்காலமே இலவச மென்பொருளைத் தேடி இறக்கினார்.

திறந்ததும் விமானி உட்காரும் இடம் மாதிரி இருந்தது. பக்கத்துக்கு முப்பது பொத்தான். வீடியோவில் பாடம் நடத்த ஒரு கண்ணாடிக்கார இளைஞன் கிடைத்தான். முதல் ஆறு நிமிடம் தன் சேனலைப் பற்றிப் பேசுவான், ஏழாவது நிமிடம் "ரொம்ப சிம்பிள் நண்பர்களே" என்பான், எட்டாவது நிமிடம் முடிந்துவிடும். நடுவில் அவன் விரல் போன வேகத்தை நம் ஆள் பதினோரு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பழைய சீட்டுகளின் பின்பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டார். 'வயது, பால், எந்த உறுப்பு' என்று அச்சடித்த தாளுக்குப் பின்னால், 'நிழலை ஏற்று. வெளிச்சத்தை இறக்கு.'

எழுதினாரே தவிர, செய்தது நேர்மாறு. தொழில் புத்தி விடுமா? நல்ல படம் என்றால் கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும், வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும், எலும்பு பளிச்சென்று எழுந்து நிற்க வேண்டும். முகம் லேசாகத் தெரிய ஆரம்பித்ததுமே கான்ட்ராஸ்ட் என்ற கட்டையைப் பிடித்து வலது பக்கம் கடைசிவரை இழுத்தார். தாடை தெரிந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி தெரிந்தது. பரம திருப்தியோடு மகளுக்கு அனுப்பினார்.

"அப்பா, அம்மாவுக்கு எங்க முறிஞ்சிருக்குன்னு தேடுறீங்களா?"

ஒரு வாரம் இப்படிப் போனது. கட்டையை இடது பக்கம் தள்ளப் பழகினார். அது அவருக்கு இடது கையால் சாப்பிடுவது மாதிரி இருந்தது. நிழலை ஏற்றினார். ஏற்ற ஏற்ற இருட்டிலிருந்து முகம் வரவில்லை. சதுரம் சதுரமாகக் கட்டம் வந்தது. மூக்கு ஒரு கட்டம், வாய் இரண்டு கட்டம். குளியலறைத் தரையில் முகத்தைத் தேடுவதுபோல் இருந்தது. இணையத்தில் இதற்கென்றே ஒரு குழு இருப்பதைக் கண்டுபிடித்து, படத்தைப் போட்டுக் கேட்டார்: 'ஐயா, கட்டங்களை நீக்குவது எப்படி?' பதில் ஒரே வரியில் வந்தது: 'ஃபார்வேர்டு பண்ணின படத்துல என்ன இருக்கும்? ஒரிஜினல் எங்க?'

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. இதே வசனத்தை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து, அதை நாலு பேருக்கு அனுப்பி, நாலாவது ஆளிடமிருந்து வாங்கி நீட்டுகிறவர்களைப் பார்த்து, "இதுல நான் நுரையீரலத் தேடவா, உங்க கைரேகையத் தேடவா? போய் பிலிமக் கொண்டு வாங்க" என்று விரட்டியவர் அவர். இப்போது சொந்தப் பெண்டாட்டியின் முகத்தை அதே மாதிரி ஓர் எச்சில் நகலில் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

பழைய போன் பீரோவில் கிடந்தது. நாலு மணி நேரம் மின்சாரம் குடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தது. ஒரிஜினல் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி நிழலைக் கொஞ்சம்தான் உயர்த்தினார். புடவையின் கரை தெரிந்தது. காதோரம் நரை தெரிந்தது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அவர் புத்திசாலி. ஒரிஜினலில் ஜன்னலுக்கு வெளியேயும் தெளிவாக இருந்தது. அங்கே நின்றது அவருடைய கார். வெள்ளைக் கார், செகண்ட் ஹேண்ட், ஆனால் அவருக்கு முதல் கார். முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டினால் கார் வெளுத்துக் கரைந்துபோனது. காரைக் காப்பாற்றினால் அவள் மறுபடி கரியானாள். நுரையீரலும் தெரிய வேண்டும், முதுகெலும்பும் தெரிய வேண்டும், ஒரே படத்தில். அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்தவர் விடுவாரா? கண்ணாடிக்காரனின் இன்னொரு வீடியோவைப் பார்த்து, மாஸ்க் போடக் கற்றுக்கொண்டார். அவளைச் சுற்றிக் கோடு இழுத்து, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குள் மட்டும் ஏறும்படி செய்கிற வித்தை. நாலு நாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முடி முடியாக வரைந்தார். காரும் வந்தது, அவளும் வந்தாள். முகம் இன்னும் அரை மங்கலில் இருந்தது. மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"அம்மா தலைக்குப் பின்னாடி ட்யூப் லைட் கட்டின மாதிரி இருக்குப்பா. எங்கேயோ வெட்டி இங்க ஒட்டின மாதிரி இருக்காங்க."

"அது ஓரம் கொஞ்சம் சரி பண்ணணும்..."

"கார் மட்டும் சூப்பரா இருக்கு. நம்பர் பிளேட்கூடப் படிக்க முடியுது." பிறகு குரல் மாறாமல் கேட்டாள்: "ஹால்ல யாரு படத்தப்பா மாட்டப் போறோம்?"

போனை வைத்த பிறகு அவர் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாத ஒன்று அவருக்குத் தெரியும். அது மனைவியை எடுத்த படமே இல்லை. கார் வீட்டுக்கு வந்த நாள். தெருவில் பின்னால் தள்ளி நிற்க இடமில்லாததால், முழு வண்டியும் விழ வேண்டுமென்று ஹாலுக்குள் நின்று ஜன்னல் வழியாக எடுத்தார். போன் திரையில் காரின் மேல் விரலை வைத்து அழுத்தினார். விரல் வைத்த இடத்துக்குத் தகுந்த மாதிரி போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. நடுவில் அவள் வந்தாள். "தள்ளு, வண்டிய மறைக்கிற" என்றார். ஜன்னலின் மேலும் வெயிலின் மேலும் மூன்று வாரமாகப் பழி போட்டாயிற்று. அவளைக் கரியாக்கியது அவருடைய ஆள்காட்டி விரல்.

மாஸ்க்கை அழித்தார். நாலு நாள் வேலை ஒரே தட்டலில் போயிற்று. படம் முழுவதற்கும் சேர்த்து வெளிச்சத்தை ஏற்றினார். முதலில் நம்பர் பிளேட் போனது. பிறகு கண்ணாடி, கதவு, சக்கரம். ஒரு கட்டத்தில் கை நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டுமே, சக்கரத்தில் நின்றது. பிறகு மறுபடி ஏற்றினார். ஜன்னல் வெறும் வெள்ளையானது. அவள் மெதுவாக, அவசரமில்லாமல், வெளியே வந்தாள். நெற்றி. புருவம். கண்.

அவள் சிரிக்கவில்லை.

புருவம் நெரிந்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. கன்னம் மேலே ஏறியிருந்தது சிரிப்பால் அல்ல, எரிச்சலால். திட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவும் நேராகக் கேமராவைப் பார்த்து, அதாவது அவரைப் பார்த்து.

பிறந்தநாளன்று மகள் வந்தாள். மச்சான் தாளில் சுற்றிய பெரிய சட்டத்தோடு, வெற்றி பெற்றவர் மாதிரி வந்தார். நம் ஆள் கடையில் அச்சடித்து வாங்கி வைத்திருந்த படத்தை மேசையில் விரித்தார்.

மச்சான் குனிந்து பார்த்தார். "என்ன மாப்ள, எள்ளும் கொள்ளும் வெடிக்குது தங்கச்சி முகத்துல? சிரிக்கிறான்னு சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டோம் மச்சான்."

"வாய கொஞ்சம் இழுத்து விட்டா சிரிச்ச மாதிரி வந்துடும். அந்த கம்ப்யூட்டர்ல அதெல்லாம் முடியாதா?"

"முடியும். வீடியோ பார்த்தேன். மூணு நிமிஷ வேலை."

"அப்புறம் என்ன?"

"பண்ண மாட்டேன்."

இந்த மனிதர் மாட்டேன் என்று சொல்லி மச்சான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் விரலை ஓட்டினார். "இங்கெல்லாம் ஒரேடியா வெளுத்துப்போச்சே. பின்னாடி என்ன இருந்துச்சு?"

"கார்."

மகள் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அம்மா என்னவோ சொல்றாங்கப்பா. என்ன சொல்றாங்க?"

அவர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"'ஒரு மனுஷி நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா'ன்னு."

மச்சான் படத்தின் மேலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். கண்காணிப்பாளர் வாழ்க்கையில் அது அபூர்வம். மகள் அப்பாவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். முதலில் அழுகைதான் வந்தது. பாதியில் அது சிரிப்பாகத் திரும்பிவிட்டது.

"அம்மாவேதான்ப்பா. அப்படியே இருக்காங்க. இதையே மாட்டுங்க."

படத்துக்குச் சட்டம் வாங்க அவர் மறந்திருந்தார். மச்சான் கொண்டுவந்தது நல்ல தேக்குச் சட்டம். அளவும் சரியாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் பின்பக்கத்தைக் கழற்றினார்கள். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அடையாள அட்டைப் படத்தை மகள் உருவி எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

ஆணி அடிக்க நாற்காலியில் ஏறியவர், "நேரா இருக்கா?" என்று திரும்பிக் கேட்டார்.

"இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்கப்பா. இன்னும். ம்... போதும்."

இறங்கி, நாலடி பின்னால் வந்து நின்று பார்த்தார். அவள் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் நகரவில்லை.