பொறுமையைப் பற்றிப் பேசிய கடைக்காரர்

போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் "வியாபாரத்திலை வெல்லுறதெண்டால் பொறுமை வேணும்" என்று பேசிக் கைதட்டல் வாங்கிய நோர்வேயில் எங்கள் புருசெத் பகுதித் தமிழ்க்கடை அண்ணரிடம் இன்று வெண்டிக்காய் வாங்கப் போனேன்.

பிஞ்சா முற்றலா என்று பார்க்க ஒன்றின் நுனியை முறித்தேன்.

"முறிக்காதையும் தங்கச்சி! எங்கடை சனம் திருந்தாது!" கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

பக்கத்தில் ஒரு நோர்வேஜியப் பெண் மாம்பழங்களை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் அண்ணரிடமிருந்து பல் தெரியச் சிரிப்பு.

"அண்ணை, மேடையிலை சொன்ன பொறுமை எங்கை?" என்று கேட்டேன்.

"அது வெள்ளைக்காரருக்கு. எங்கடை சனம் என்னை விட்டிட்டு எங்கை போகப்போகுது?"

கூடையை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியேறினேன்.

வேறொரு கடையில், நுனி முறித்துப் பார்த்தே வெண்டிக்காய் வாங்கிவிட்டேன். எந்தக் கடை என்று அண்ணரைத் தவிர யார் கேட்டாலும் சொல்வேன்.