தொப்பூரில் சொன்ன பொய்

போன வருடம் ஆடி மாதம். தர்மபுரியிலிருந்து சேலம் போன பஸ் தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டது. கீழே எங்கோ லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பதினொரு மணிக்கு நான் சேலத்தில் டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். எடையைக் குறைக்க எந்த ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று அன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

நான் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஊருக்கே எடை போடுகிற என்னுடைய எடை நூற்றுப் பதினாறு கிலோ. அரிசியெல்லாம் எங்கே போகிறது என்று இப்போதுதானே தெரிகிறது என்று கார்டுக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சும்மா விடமாட்டேன், பதிலுக்கு ஒன்று கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால்தான் அழுகை வரும். சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, நாலு படி ஏற முடியாமல் போன பிறகுதான் ஆபரேஷனுக்குத் துணிந்தேன்.

இரண்டு வகை சொன்னார்கள். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்குவது. பைபாஸ் என்றால் இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைக் குடலில் கொண்டுபோய் இணைப்பது. குடலை மாற்றி வைப்பார்கள் என்று கேட்டதுமே பைபாஸே வேண்டாமென்று ஆகிவிட்டது. ஸ்லீவ்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்காரரைக் கேட்டால், நீ எது சொன்னாலும் சரி என்பார். அதற்கு அவர் நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இதில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு செய்திருந்தேன். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் ஒத்துவராது, பைபாஸ்தான் என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் யாரோ பேசியது காதில் விழுந்தது. உள்ளே போனதும் டாக்டர் அதையேதான் கேட்டார். சாப்பிட்டதும் நெஞ்சு எரியுமா, படுத்தால் புளித்த தண்ணீர் மேலே ஏறுமா? இல்லவே இல்லை என்றேன். அதற்கான மாத்திரை அட்டை அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று வந்துவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒன்றரை சீட்டை நானே எடுத்துக்கொள்வேன். அன்றைக்கு ஓர் அம்மா மட்டும், ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, முகம் சுளிக்காமல் ஓரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தார். மணி ஒன்பதே முக்கால் ஆனது. பத்தேகால் ஆனது. வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. இறங்கி நிற்கலாமென்றால் முட்டி விடாது. வீட்டுக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போன் செய்து வண்டி நகர்ந்துவிட்டதா என்று கேட்டார். நகர்ந்தால் சொல்ல மாட்டேனா என்று எரிந்து விழுந்தேன்.

அந்த அம்மா ஒரு குட்டி டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு இட்லி. அதைக் கிள்ளிக் கிள்ளி அரை மணி நேரம் மென்றார். காலையில் ஐந்து இட்லி தின்றுவிட்டு வந்த எனக்கு நெஞ்சு காந்த ஆரம்பித்தது. மாத்திரையை எடுத்து வாயில் போட்டுச் சப்பினேன். அவர் அட்டையைப் பார்த்தார். என் மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலையும் பார்த்தார்.

"எடைக்குங்களா?" என்றார் மெதுவாக. தலையாட்டினேன்.

"நானும் பண்ணிக்கிட்டவதாங்க. ஸ்லீவ். எங்க வூட்டுல பாதி பேருக்கு இன்னும் தெரியாது. எடை நல்லாவே எறங்கிச்சு. ஆனா மூணு வருசமா ரெண்டு தலகாணி வச்சு, சாஞ்சு உக்காந்துதான் தூங்கறேன். அப்படி எரியுது. இப்ப பைபாஸா மாத்தணும்ங்கறாங்க. மொதல்லயே எனக்கு லேசா எரிச்சல் இருந்துச்சு. இதெல்லாம் ஒரு நோவான்னு சொல்லாம வுட்டுட்டேன்."

என் கையிலிருந்த அட்டையைக் காட்டிக் கேட்டார்: "இத டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேங்க" என்றேன்.

"அப்ப சரிங்க. நீங்க விவரமானவங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இல்லீங்க, பொய் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, டிரைவர் ஓடி வந்து ஏறிவிட்டார். அந்த அம்மாவும் டப்பாவை மூடிவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். ஓமலூரில் இறங்கும்போது, நல்லபடியா வாங்க என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரம் பிந்தித்தான் டாக்டரைப் பார்த்தேன். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றார். மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். எத்தனை வருடமாக என்றார். ஏழு வருடம் என்றேன். அவர் திட்டவில்லை. "குழாய் விட்டுப் பார்த்தா எல்லாமே தெரிஞ்சிடாதும்மா. பாதி நீங்க சொல்றதுலதான் இருக்கு" என்றார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு ஒரு நாள் முழுக்க இன்னொரு பரிசோதனை நடந்தது. கடைசியில் நான் பயந்து ஓடிய பைபாஸ்தான் எனக்குப் பொருந்தும் என்று முடிவானது. போன கார்த்திகையில் செய்துகொண்டேன். சத்து மாத்திரையைத் தினமும் திட்டிக்கொண்டே விழுங்குகிறேன். ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன்.

கடையில் எதையும் நிறுப்பதற்கு முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். ஒரு கார்டுக்குக்கூட நான் எடை குறைத்ததில்லை. அப்படிப்பட்ட நான் என் உயிர் விஷயத்தில் டாக்டரின் தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்தியிருக்கிறேன். டாக்டரிடம் சொன்ன பொய்யைத் திருத்திவிட்டேன். அதைத் திருத்த வைத்த அந்த அம்மாவிடம் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போதும் சேலம் பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து அரை சீட்டை யாருக்கும் கொடுக்க மனம் வராமல், ஓமலூர் வரும்வரை ஏறுகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.