உள்ளே மடித்துவிட்ட துணி

உரும்பிராயில் தவமலரிடம் தைக்கக் கொடுப்பவர்கள் இரண்டு வகை. முன்பின் தெரியாதவர்கள் கூலி கொடுப்பார்கள். தெரிந்தவர்கள், "எங்கடை மலர்தானே" என்று சிரித்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சிரிப்பைக் கொண்டுபோய் நீட்டினால் கடைக்காரன் நூல் தருவானா என்று அவள் தையல் மெசினோடு சண்டை பிடிப்பாள். ஆட்களிடம் கேட்கத்தான் வாய் வராது.

தெரிந்தவர்களில் முதல் ஆள் பத்மலோசினி, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள். தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து ஒரே நீலப் பிளவுஸைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாள். உடம்பு வற்ற வற்ற, தவமலரும் அதை ஒடுக்கிக் கொடுத்தாள். மிஞ்சிய துணியை மட்டும் வெட்டாமல் உள்ளே மடித்துவிட்டாள். உடம்பு தேறினால் தையலைப் பிரித்துவிடலாம் அல்லவா?

நேற்று பத்மலோசினி அதே பிளவுஸோடு வந்தாள். கேட்காமலே மெசின் மேல் காசை வைத்தாள்.

"இவ்வளவு நாளும் தைச்சதுக்கு எல்லாம் சேர்த்து."

இப்போதாவது இவளுக்குச் சுரணை வந்ததே என்று தவமலர் சந்தோஷமாகக் கையை நீட்டினாள்.

"உள்ளை மடிச்சுவிட்டதை வெட்டிப்போடு, மலர். முதுகிலை குத்துது. இனி அது தேவைப்படாது."

தவமலர் காசைச் சுருட்டி அவள் கைக்குள் திணித்தாள்.

"எனக்கு ஒரு சதமும் வேண்டாம். நீ கடன்காரியாவே இரடி!" என்று கத்தினாள். "வாற மாசம் வந்து தா."

பத்மலோசினி காசை மறுபடி மெசின் மேல் விரித்து வைத்தாள். காற்றில் பறந்துவிடாதபடி, அதன் மேல் கத்தரிக்கோலைத் தூக்கி வைத்தாள்.