கௌசியாவும் கத்துகிற பெட்டியும்

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள் கௌசியா. முப்பத்தாறாவது வயதில் சேலம் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சேர்ந்தாள். விமானத்தைத் தொட்டு வேலை செய்தாளே தவிர, ஒரு நாளும் ஏறிப் பறந்ததில்லை.

அங்கே ஒரு சின்ன விமானத்தின் முன்பக்கம் கையடக்கமான பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விமானமும் தன் உயரத்தைச் சொல்லும் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கம் வேறு விமானம் வந்தால், அதன் சிக்னலைப் பிடித்துப் பெட்டி கத்தும். அந்த விமானம் எந்த உயரத்தில் வருகிறது என்றும் காட்டும். அந்தப் பெட்டி திடீரென்று காரணமில்லாமல் கத்தத் தொடங்கியது. ராசிபுரத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த சரிதா என்ற மாணவி, ஏதோ வந்து மோதப்போகிறது என்று பதறி விமானத்தை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டாள். சுற்றிலும் வெறும் வானம். கூட இருந்த பயிற்சியாளர் இளஞ்செழியன்தான் சமாளித்து இறக்கினார். அதன் பிறகு சரிதா விடுதியை விட்டு வெளியே வரவில்லை.

"அந்தச் சனியனைக் கழட்டிப் போடும்மா. இனிமேல் அது கத்துனா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க" என்றார் இளஞ்செழியன்.

"அதுதானுங்க சார் எனக்கும் பயம். ஒரு நாளைக்கு நெசமாவே வந்துட்டா?"

பெட்டி கத்தியபோதெல்லாம் காட்டிய உயரத்தை விமானிகளின் குறிப்பேட்டில் தேடிப் பார்த்தாள் கௌசியா. ஒவ்வொரு முறையும் அது பெட்டி இருந்த விமானத்தின் சொந்த உயரமேதான். "ஒருக்கா என்னையும் கூட்டிட்டுப் போங்க சார்" என்று கேட்டாள்.

முதல்முறையாக விமானத்தில் ஏறி, பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேந்தமங்கலம் தாண்டியதும் பெட்டி கத்தியது.

"சார், டவர்ல கேட்டுட்டு நம்ம சிக்னலை ஒரு நிமிசம் நிறுத்த முடியுங்களா?"

அனுமதி கிடைத்தது. இளஞ்செழியன் நிறுத்தினார், பெட்டி அடங்கியது. திரும்பப் போட்டார், கத்தியது.

"வேற ஆருமே இல்லீங்க சார். நம்மளையேதான் பாத்துக் கத்துது!" என்று சிரித்தாள். அப்போதுதான் பெல்ட்டை விட்டுவிட்டுக் கொல்லிமலையை எட்டிப் பார்த்தாள்.

இறங்கியதும் உள்பக்கத்தைத் திறந்தார்கள். விமானத்தின் வயிற்றடியில் சிக்னலை அனுப்பும் ஆன்டெனாவுக்குப் போகிற கேபிளில், சிக்னல் வெளியே கசியாமல் மேலே சுற்றியிருக்கும் கம்பிவலை இணைப்புக்குப் பக்கத்தில் பிய்ந்திருந்தது. அந்த வழியாகச் சிக்னல் கசிந்து பெட்டியைக் குழப்பியிருக்கிறது. எர்த் விட்டுப்போய் லாரி ஸ்பீக்கர் இரைவதை எத்தனை முறை பார்த்திருப்பாள்! புதிய கேபிளைப் பொருத்தினாள். இன்ஜினியர் சோதித்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே சரிதாவைத் தேடிப் போனாள்.

"நான் பறக்க லாயக்கில்லைங்கக்கா."

"பொட்டி சொன்னதை நம்பித் திருப்புன. அதுல உன் தப்பு என்ன கண்ணு? தப்பு கேபிள்ல இருந்துச்சு, மாத்தியாச்சு. நாளைக்கு வா, நானும் பின்னாடி உக்காந்துக்கறேன்."

சரிதா வந்தாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பெட்டி மறுபடி கத்தியது. அவள் பதறாமல் தேடினாள். வலது பக்கம், சற்றுத் தாழ்வாக, நிஜமாகவே ஒரு வெள்ளை விமானம். மெல்ல ஒதுங்கி வழிவிட்டாள்.

கௌசியா இப்போது விமானப் பராமரிப்பு இன்ஜினியர் உரிமத்துக்குப் படிக்கிறாள். முதல் தாளில் தேறிவிட்டாள்.